மண்டிச் சிட்டை

பொருளை விற்பதில் இருவகை உண்டு. தம் பொருளைத் தாமே கடைவீதிக்குக் கொண்டுசென்று, விலை பேசிக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவது ஒரு வகை. அப்பொருளைப் பிறர் கடையில் ஒப்புவித்து, “இதனை விற்றுத் தாருங்கள், உங்கள் தரகை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்” என்று சொல்லி வருவது மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையில் பொருள் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. எனினும், விற்கும் வரையில் அது நம்முடையதே. யாருக்கு விற்றார்கள், என்ன விலைக்கு விற்றார்கள் என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும்.

தமிழ்நாட்டு உழவர் பலர் தம் வாழ்நாள் முழுவதும் இவ்விரண்டாம் முறையிலேயே விற்று வந்தவர்கள். அவர்கள் பொருளை ஒப்புவிக்கும் இடம் தரகு மண்டி. கமிஷன் மண்டி என்பதே ஊர் வழக்கு. என் தந்தையாரும் அத்தகைய உழவருள் ஒருவர்.

மண்ணச்சநல்லூர் என்றவுடன் பலருக்கும் அரிசி ஆலைகளே நினைவுக்கு வரும். நெல் அவிக்கும் மணம் எங்கள் ஊர்த் தெருக்களில் எப்போதும் உண்டு. ஆயினும், பெருவளை வாய்க்காலின் நீர் பாயும் வயல்களில் வாழையும் செழித்து வளரும். எங்களுக்கு இருந்த ஒன்றரை ஏக்கரில் தந்தையார் பூவன் வாழை பயிரிட்டார். வாழை ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். கன்று நடுவது முதல் தார் வெட்டுவது வரையில் செலவு உண்டு, வரவு இல்லை. உரம் வாங்க வேண்டும். காற்றுக்கு மரம் சாயாதபடி முட்டுக் கொடுக்கக் கழி வாங்க வேண்டும். இதற்கெல்லாம் கைம்முதல் இல்லாதவர் என்ன செய்வார்? மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் கொடுத்த மண்டிக்கே தார்களை அனுப்ப வேண்டும் என்பது எழுதப்படாத கட்டுப்பாடு. தந்தையார் முந்நூறு ரூபாய் வாங்கியிருந்தார். அதற்கு வட்டி இல்லை என்று மண்டிக்காரர் சொன்னபோது வீட்டில் அனைவரும் அவரை வாழ்த்தினோம்.

தந்தையாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தார்களை வெட்டி அடுக்கியதும், ஒவ்வொன்றின் காம்பிலும் கருவேல முள்ளால் மூன்று கோடுகளைக் கீறி, அவற்றின் கீழே ஒரு சுழியையும் இடுவார். கீறிய இடத்தில் பால் கசிந்து, சிறிது நேரத்தில் அது கறுத்துவிடும். பிறகு அதனை அழிக்க முடியாது. மண்டியில் பலருடைய தார்கள் கலந்து கிடக்கும்போது, எங்கள் தார்களுக்கு அக்குறியே அடையாளம். பின்னாளில் திருவையாற்று அரசர் கல்லூரியில் சிலப்பதிகாரம் பாடங் கேட்டபோது, காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையில் கிடந்த பொதிகளின்மேல் உரியவர் பெயரும் அளவும் ‘கண்ணெழுத்து’ என்னும் குறியால் பொறிக்கப்பட்டிருந்தன என்ற செய்தி வந்தது. ஆசிரியர் அதற்கு உரை சொல்லிக்கொண்டிருக்கையில் என் மனம் கருவேல முள்ளிடம் போய்விட்டது.

1970-ஆம் ஆண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறையாதலால், வண்டியில் தாமும் வருவேன் என்று அடம்பிடித்த என்னைத் தந்தையார் உடன் அழைத்துச் சென்றார். நாற்பத்தெட்டுத் தார்கள், இடையிடையே வாழைச் சருகு, மேலே நான். இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். நம்பர் ஒன் டோல்கேட்டில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கொள்ளிடத்துப் பாலத்தில் ஏறினோம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்ததே, அந்தப் பழைய இரும்புப் பாலந்தான் அது. சக்கரங்கள் எழுப்பிய ஓசையில் எனக்கு உறக்கம் கலைந்தது. திருவானைக்காவைக் கடந்து, காவிரியையும் கடந்தபோது மலைக்கோட்டை இருளில் ஒரு பெரிய யானை படுத்திருப்பதுபோல் தோன்றியது.

காந்தி மார்க்கெட்டை ஒட்டிய வாழைக்காய் மண்டிகளில் விடியுமுன்னரே கூட்டம் கூடிவிடும். தார்களை இறக்கி வரிசையாக நிறுத்தினார்கள். மண்டிக்காரர் வந்தார். கூவி ஏலம் விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ, வாங்க வந்த ஒருவருடைய கையைப் பற்றித் தம் தோள்துண்டால் மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளே விரல்கள் விலை பேசின. வந்தவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். மற்றொருவருடைய கையும் துண்டுக்குள் சென்று மீண்டது. பிறகு மண்டிக்காரர் கணக்கப்பிள்ளையை நோக்கி, “மூன்றே கால்” என்றார். அவ்வளவுதான். ஓராண்டு உழைப்பின் விலை அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

கணக்கப்பிள்ளை சிட்டை எழுதிக் கொடுத்தார். நான் அதனைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். நாற்பத்தெட்டுத் தார், தார் ஒன்றுக்கு ரூபாய் 3.25 வீதம் ரூபாய் 156. அதில் தரகு நூற்றுக்குப் பத்தாக ரூபாய் 15.60, இறக்குகூலி ரூபாய் 2.40; கோயில் மகமை ரூபாய் 1. முன்பணத்தில் கழித்தது ரூபாய் 40. ஆகக் கையில் கொடுத்தது ரூபாய் 97. கூட்டிப் பார்த்தேன், கணக்கில் பிழையில்லை. தந்தையார் சிட்டையை மடித்து மடியில் செருகிக்கொண்டார். எனக்கு ஒரு இட்லிக் கடையில் பலகாரம் வாங்கித் தந்தார். அன்று நான் மிகவும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

ஐந்தாம் நாள், என் தமக்கையைப் பெண் கேட்டு வந்திருந்த வீட்டார், வரும் வெள்ளிக்கிழமையே நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார்கள். வாழைத்தார் இல்லாமல் நிச்சயதாம்பூலமா? எங்கள் தோட்டத்தில் எஞ்சி நின்றவை பிஞ்சுத் தார்கள். அண்டை வயல்களிலும் முற்றியவை இல்லை. புடைவை, பூ, பழம் எல்லாவற்றையும் திருச்சிராப்பள்ளியிலேயே வாங்கிவிடலாம் என்று தந்தையாரும் நானும் பேருந்தில் சென்றோம். ஐந்து நாளுக்கு முன் விற்கச் சென்ற இடத்திற்கு இப்போது வாங்கச் சென்றோம்.

பழக்கடை வரிசையில் ஒரு மூதாட்டியார் மூன்று தார்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். நன்கு மஞ்சளித்த பூவன். “இது என்ன விலை?” என்று தந்தையார் ஒன்றைத் தொட்டுக் கேட்டார். “ஏழு ரூபாய்” என்றார் மூதாட்டியார். அப்போது என் கண் தாரின் காம்பில் பட்டது. மூன்று கோடு, கீழே ஒரு சுழி.

“அப்பா, இது நம் தார்!” என்று கூவிவிட்டேன்.

மூதாட்டியார் சிரித்தார். “உங்கள் தாரா, தம்பி? நல்ல தார். அன்றைக்கே மண்டியில் காயாக எடுத்தேன். நாலு ரூபாய் கொடுத்தேன்” என்றார்.

நான் முதலில் அந்த ஏழு ரூபாயைப் பற்றியே சினங்கொண்டேன். எங்களுக்கு மூன்றே கால், இவருக்கு ஏழா? என் முகத்தைப் பார்த்து அவர் என் எண்ணத்தை அறிந்துகொண்டார் போலும். தாரைத் திருப்பிக் காட்டினார். பத்துச் சீப்புகளில் அடியில் இருந்த இரண்டு சிறுத்தவை. அவற்றைப் பாதி விலைக்குத்தான் கேட்பார்கள். ஒரு சீப்பு புகை அறையில் நசுங்கிக் கறுத்திருந்தது. இலையும் சருகும் மூட்டிப் புகையிட்ட அறையில் காயை வைத்து அடைத்துப் பழுக்கவைப்பது அக்கால வழக்கம். அந்த அறைக்கு வாடகை. கடை போடும் இடத்திற்கு நாள்தோறும் சுங்கம். பழுத்த தார் இரண்டு நாளில் விற்காவிட்டால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். “ஒரு தாருக்கு ஒரு ரூபாய் எனக்கு நின்றால், அது முருகன் கொடுத்தது” என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஐயம் எழவில்லை. அவருடைய மூன்று ரூபாயைப் பற்றிய சினம் தணிந்தது. ஆனால் மூன்றே காலுக்கும் நாலுக்கும் இடையே இருந்த முக்கால் ரூபாய் எங்கே போயிற்று?

தந்தையார் விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. ஏழு ரூபாய் கொடுத்துத் தம் தாரைத் தாமே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கடைவீதியில் பிறகு நாங்கள் பேசவே இல்லை. நேரே மண்டிக்குப் போனோம்.

“என்ன ஐயா, சரக்கு இல்லாமல் வந்திருக்கிறீர்?” என்று மண்டிக்காரர் வரவேற்றார். தந்தையார் தாரை இறக்கித் திண்ணையில் வைத்தார். “என் கணக்கை ஒருமுறை பையன் படித்துப் பார்க்கட்டும்” என்றார். மண்டிக்காரர் தயங்கவில்லை. கணக்கப்பிள்ளையைப் பேரேட்டை எடுக்கச் சொன்னார். தாம் செய்ததில் தவறு இருப்பதாக அவர் நினைக்கவில்லை என்பதை இன்று எண்ணும்போது உணர்கிறேன். ஒரு பக்கத்தில் எங்கள் பெயர், நாற்பத்தெட்டுத் தார், 3.25. அதன் எதிரே ‘கடைக் கொள்முதல்’ என்றிருந்தது. அதே நாளில், வேறு பக்கத்தில், சில்லறைக் கடைக்காரர் பலர் பெயரில் அந்த நாற்பத்தெட்டுத் தாரும் நாலு ரூபாய் வீதம் விற்றிருந்தன. ஒரே வண்டியில் முப்பத்தாறு ரூபாய். அது எங்கள் மூன்றாவது வண்டி.

“வந்தவர்கள் விலை கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். பிறகு விற்றேன். அதில் என்ன?” என்றார் மண்டிக்காரர். பின்பு குரலைத் தாழ்த்தி, “முந்நூறு ரூபாய் உமக்கு வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறேனே, வேறு எவர் கொடுப்பார்? அதற்கு இது சரியாய்ப் போயிற்று என்று வைத்துக்கொள்ளும்” என்றார்.

அவர் கூற்றில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முந்நூறு ரூபாயை ஒருவர் மாதக்கணக்கில் சும்மா கொடுத்து வைப்பாரா? அக்காலத்தில் எங்கள் ஊரில் தனியார் வட்டி கொடியது. வட்டிக்கு வாங்கியிருந்தால் அதுவும் ஒரு தொகைதான்.

தந்தையார் குரலை உயர்த்தவில்லை. “ஐயா, வட்டி என்று எழுதியிருந்தால் கொடுத்திருப்பேன். விலை என்று எழுதிவிட்டீர்களே! தரகும் எடுத்துக்கொண்டீர்களே!” என்றார். கணக்கப்பிள்ளை குனிந்த தலையை நிமிரவில்லை. தந்தையார் தாரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் நடந்தது. அந்தத் தாரின் பழம் மிகவும் இனிப்பாக இருந்ததென்று சம்பந்தி வீட்டார் சொன்னார்கள். அடுத்த வாரம் தந்தையார் எங்கள் கறவை எருமையை விற்றார். முன்பணத்தில் எஞ்சியிருந்த நூற்றெண்பது ரூபாயை மண்டியில் கட்டிவிட்டு, அதற்கும் ஒரு சிட்டை வாங்கிவந்தார். என் அன்னையார் இதனை ஏற்கவில்லை. “கல்யாணத்தை வைத்துக்கொண்டு எருமையை விற்பாருண்டா? கொஞ்சம் பொறுத்துப் போனால் என்ன?” என்று பலநாள் வருந்தினார். அவ்வாண்டு முழுவதும் எங்கள் வீட்டில் மோருக்கும் பஞ்சம். அன்னையார் சொன்னது தவறு என்று துணிந்து கூற இன்றும் எனக்கு இயலவில்லை.

பிறகு தார்களை அனுப்பியது ஒரு சிறிய மண்டிக்கு. அங்கே துண்டு இல்லை, கூவித்தான் ஏலம். முதல் வண்டிக்குத் தார் ஒன்றுக்கு மூன்று ரூபாய்தான் கிடைத்தது. பழைய மண்டியைவிடக் கால் ரூபாய் குறைவு! அன்னையார் என்னைப் பார்த்தார். நான் தந்தையாரைப் பார்த்தேன். அவர் அது குறித்து ஒன்றும் பேசவில்லை. “சிட்டையைப் படி” என்றார். படித்தேன். “இன்னொருமுறை படி” என்றார். அன்று முதல் அவருடைய வழக்கம் அது. எந்தச் சிட்டையானாலும் இருமுறை படிக்கச் செய்வார்.

தரகர் பிறர் பொருளை விற்கும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை சட்டத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதை நான் ஆசிரியப் பணிக்கு வந்த பின்னரே அறிந்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, உரியவர் கேட்டால் முகவர் ஒழுங்கான கணக்குக் காட்டியாக வேண்டும் என்கிறது. 216-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது. ஒப்புவித்த பொருளில் முகவர், உரியவர் அறியாமல், தம் பொருட்டே வாணிகம் செய்து ஆதாயம் அடைந்தால், அந்த ஆதாயத்தை உரியவர் கேட்டுப் பெறலாம். எனவே அந்த முப்பத்தாறு ரூபாய் எங்களுடையது என்று நூறாண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. எங்கள் தெருவில் அதனைப் படித்தவர்தாம் எவரும் இல்லை.

மண்டிகளின் குறைகளை அரசினரும் அறியாமல் இல்லை. 1928-இல் வேளாண்மை பற்றிய அரச ஆணைக்குழு ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டுமென்று பரிந்துரைத்தது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகியவற்றைக் கருதி 1933-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் பிறந்தது. உழவரே நேரில் விற்கும் உழவர் சந்தை 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரையில் முதன்முதல் திறக்கப்பட்டது. என் தந்தையார் காலத்தில் அது வந்திருந்தால் அவர் அங்கே போயிருப்பாரா என்று நான் எண்ணுவதுண்டு. போயிருக்கமாட்டார் என்றே தோன்றுகிறது. நாற்பத்தெட்டுத் தார்களையும் வைத்துக்கொண்டு சீப்புச் சீப்பாக விற்றுக்கொண்டிருந்தால் வயலுக்கு நீர் பாய்ச்சுவது யார்? மண்டி இல்லாமல் பெருவாழை இல்லை. கோவலன் நிலையும் ஒருவாறு இதுவே. அரங்கத்தின் வழியாக உறையூருக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்குச் சென்ற அவன், அவ்வூரில் எவரையும் அறியாதவன். சிலம்புக்கு விலை காண ஒரு பொற்கொல்லனை நம்புவதைத் தவிர வேறு வழி அவனுக்கு இருந்ததா?

இவ்வளவும் கண்டறிந்த நான், என் பொருளைப் பிறர் கடையில் ஒப்புவிக்கும் காலம் வந்தபோது விழிப்போடு நடந்துகொண்டேனா? அதையும் சொல்லிவிடுகிறேன். 1985-இல், மாணவர் சந்திப்பிழையின்றி எழுதுவதற்கு உதவும் சிறுநூல் ஒன்றை என் செலவில் அச்சிட்டேன். ஐந்நூறு படிகள், விலை ஐந்து ரூபாய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினேன். விற்றால் விலையில் நூற்றுக்கு முப்பது கடைக்கு. விற்காதவற்றைத் திருப்பித் தருவது என்பது ஏற்பாடு. ஒரு பெரிய கடையின் உரிமையாளர் என்னைப் ‘புலவரே’ என்று அழைத்து நாற்காலி தந்து உபசரித்தார். அவரிடம் போய்ச் சிட்டை கேட்பதா என்று எனக்கு நாணமாக இருந்தது. ஐம்பது படிகளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். ஓராண்டு கழித்துச் சென்றபோது வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்தார். “உங்கள் நூல் எதுவும் எங்களுக்கு வந்ததாகக் குறிப்பு இல்லையே” என்றார். நான் எதைக் காட்டுவேன்? தந்தையாருக்குச் சிட்டையை இருமுறை படித்துக் காட்டிய மகன் நான்! வீட்டில் இதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

கும்பகோணத்தில் ஒரு சந்துக்குள் இருந்த மிகச் சிறிய கடையிலும் இருபது படிகள் கொடுத்திருந்தேன். அந்தக் கடைக்காரர் நான் கேளாமலே ஒரு பழைய காகிதத்தின் பின்புறத்தில், ‘வரவு 20 படி’ என்று எழிதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பிறகு அந்த ஊருக்குப் போகும் வாய்ப்பே எனக்குக் கிட்டவில்லை. கடையையும் ஏறத்தாழ மறந்துவிட்டேன். மூன்று ஆண்டுகள் சென்றபின், 1988-இல் ஒருநாள் அஞ்சற்காரர் ஐம்பத்தாறு ரூபாய்க்கு மணியார்டர் கொண்டுவந்தார். அதன் அடிச்சீட்டில் சிறிய எழுத்தில் இவ்வாறு இருந்தது: ‘விற்றது 14 படி. மழையில் கூரை ஒழுகி நனைந்தது 2 படி. அது எங்கள் பொறுப்பு. ஆக 16 படிக்கு, ஒன்றுக்கு ரூபாய் 3.50 வீதம் அனுப்பியுள்ளேன். மீதி 4 படி கடையில் உள்ளது.’

தந்தையார் அப்போது கண்பார்வை மங்கித் திண்ணையில் கட்டிலோடு இருந்தார். அஞ்சற்காரர் போனபின், அவரருகே அமர்ந்து அந்த அடிச்சீட்டைப் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“இன்னொருமுறை படி” என்றார்.